பாட்டு முடிந்துவிட்டதா?

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, விடுதியின் பொது அறையில் நாங்கள் எட்டுப் பேர் அமர்ந்து பீட்டில்ஸ் குழுவின் பாடல்களைக் கேட்டுக்கொண்டிருந்தோம். ‘எ டே இன் த லைஃப்’ வந்தது. வாத்தியக் குழு அடியிலிருந்து மேலேறி உச்சியைத் தொட்டது. ஒரு கணம் அமைதி. பிறகு பியானோக்கள் ஒருசேர விழுந்தன. அந்த ஒலி மெல்லத் தேய்ந்துகொண்டிருந்தபோதே செயலி அடுத்த பாடலை அதன்மேல் ஏற்றிவிட்டது. ஒரு பாடலின் வாலையும் அடுத்த பாடலின் தலையையும் 12 நொடிகளுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டும் ‘கிராஸ்ஃபேட்’ வசதியை எவரோ இயக்கி வைத்திருந்தார். நான் பதறி, நிறுத்தச் சொன்னேன். “பாட்டுதான் முடிஞ்சிடுச்சே?” என்றார் அருகிலிருந்த நண்பர். அறையில் சிரிப்பு எழுந்தது, நானும் சிரித்தேன். ஆயினும் அக்கேள்வி என்னை விட்டு அகலவில்லை. பாட்டு உண்மையில் எங்கே முடிகிறது? அதை யார் சொல்வது? இப்பதிவு நண்பருக்கு நான் அன்று சொல்லாமல் விட்ட விடை.

தமிழில் ‘முடிவு’ என்னும் ஒரே சொல் இரண்டு பொருள்களைச் சுமக்கிறது. ஒன்று, ஒரு செயல் அல்லது பொருள் தீர்ந்துபோகும் இடம். மற்றொன்று, ஒருவர் ஆராய்ந்து மேற்கொள்ளும் தீர்மானம். அன்றாடப் பேச்சில் இவ்விரண்டையும் நாம் குழப்பிக்கொள்வதில்லை. பாடல் என்று வரும்போது மட்டும் முதற்பொருளோடு நின்றுவிடுகிறோம்: சொற்கள் தீர்ந்தன, ஆகவே பாட்டு தீர்ந்தது. எனது கருத்து இதற்கு எதிரானது. ஒலிப்பதிவு செய்யப்பட்ட பாடலில் முடிவு என்பது எப்போதும் எவரோ ஒருவர் எடுத்த முடிவு. அதைக் கேளாமல் விடுவது, ஒரு வாக்கியத்தின் பயனிலையைக் கேளாமல் எழுந்து செல்வதற்கு ஒப்பாகும். இதைக் காட்டுவதற்குப் பீட்டில்ஸைவிடப் பொருத்தமான குழுவை நான் அறியேன். 1963 முதல் 1969 வரையிலான ஆறே ஆண்டுகளில் பாடலை முடிக்கும் வழிகள் ஏறத்தாழ அனைத்தையும் அவர்கள் முயன்று பார்த்தார்கள்.

நாங்கள் பாதியில் வெட்டிய அந்த ஒலியிலிருந்தே தொடங்குகிறேன். 1967 பிப்ரவரி 10 அன்று லண்டன் ஈஎம்ஐ ஒலிப்பதிவுக்கூடத்தில் 40 வாத்தியக் கலைஞர்கள் கூடினர். தத்தம் வாத்தியத்தின் மிகத் தாழ்ந்த சுரத்திலிருந்து 24 ஆவர்த்தங்களில் உச்சத்திற்கு ஏறவேண்டும் என்பதே அவர்களுக்கு இடப்பட்ட பணி. அந்த ஏற்றத்திற்குப் பின் என்ன செய்வது? முதலில் எண்ணப்பட்டது ஒரு முனகல். கூடியிருந்தவர்கள் சேர்ந்து வாய்மூடி எழுப்பும் நீண்ட ‘ம்ம்’. அதைப் பதிவும் செய்தார்கள். கேட்டபோது அது போதவில்லை. பன்னிரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 22 அன்று, லெனன், மெக்கார்ட்னி, ரிங்கோ ஸ்டார், உதவியாளர் மால் எவன்ஸ் ஆகிய நால்வரும் மூன்று பியானோக்களில் ஈ மேஜர் என்னும் சுரக்கூட்டை ஒரே நேரத்தில் அடித்தார்கள். அதையே மீண்டும் மீண்டும் வாசித்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்தார்கள். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் ஆர்மோனியம் வாசித்தார். பியானோவின் ஒலி இயல்பாகவே தேயும். அது தேயத் தேய, பொறியாளர் ஜெஃப் எமெரிக் ஒலியளவை உயர்த்திக்கொண்டே சென்றார். ஆதலால் அவ்வொலி 40 நொடிகளுக்கும் மேலாக நிலைத்திருக்கிறது. இறுதியில் ஒலியளவு எந்த அளவிற்கு உயர்த்தப்பட்டிருந்தது என்றால், அறையில் எவரோ அசைந்தபோது நாற்காலி கிறீச்சிட்டதும் பதிவாகிவிட்டது.

இதில் எதுவும் தானாக நிகழவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு முடிவு பதிவு செய்யப்பட்டுக் கைவிடப்பட்டது. மற்றொரு முடிவு தேர்ந்தெடுக்கப்பட்டது. தேய்வதே இயல்பாகிய ஓர் ஒலியைத் தேயவிடாமல் ஒருவரின் விரல்கள் தாங்கிப் பிடித்தன. நண்பர் ‘முடிந்துவிட்டது’ என்று கருதிய அந்த இடத்தில்தான் ஒலிப்பதிவுக்கூடத்தின் உழைப்பு மிகுதியாக இருந்தது.

இனி, என் துறைசார்ந்த ஒரு குறையைச் சொல்லவேண்டும். பாடல்களைப் பற்றி எழுதும் ஆய்வாளர்களுள் பெரும்பாலோர், நான் உட்பட, பாடல் வரிகளின் அச்சுப் பிரதியை முன்வைத்துக்கொண்டே எழுதுகிறோம். அச்சுப் பிரதியில் முடிவு இருப்பதில்லை. அந்த ஈ மேஜரை எந்த வரித்தொகுப்பும் காட்டாது. ‘ஹே ஜூட்’ பாடலின் பின்பாதி அச்சில் இரண்டு வரிகளாகச் சுருங்கி, ‘மீண்டும் மீண்டும்’ என்ற குறிப்போடு நின்றுவிடும். ஏழு நிமிடங்களைச் சற்றே கடக்கும் அப்பாடலில் அந்த இரண்டு வரிகள் ஏறத்தாழ நான்கு நிமிடங்கள். பாடலின் பெரும்பகுதியை ஓர் அடிக்குறிப்பாக மாற்றிவிட்டு, எஞ்சியதைப் ‘பனுவல்’ என்று அழைக்கிறோம்.

‘ஹே ஜூட்’ பற்றிப் பேசும்போது ஒரு மறுப்பை எதிர்கொள்ளவேண்டும். ஒலியை மெல்லக் குறைத்துப் பாடலை மறையச் செய்யும் ‘ஃபேட் அவுட்’ முறையை முடிவெடுக்கத் தெரியாதவர்களின் தப்பிப்பு வழி என்று பலர் கருதுகிறார்கள். இசைப் பயிற்சி உடைய நண்பர்களிடம் இக்கருத்தை அடிக்கடி கேட்டிருக்கிறேன். முறைப்படி தாளத்தில் வந்து விழுந்து நிற்பதே முடிவு, மற்றது கைவிடல் என்பது அவர்கள் வாதம்.

நம் இலக்கண மரபு இங்கே எனக்குத் துணைநிற்கிறது. ‘பாடினான்’ என்றால் முற்று. கேட்பவர் வேறெதற்கும் காத்திருக்கத் தேவையில்லை. ‘பாடி’ என்று நிறுத்தினால் அது எச்சம். கேட்பவரின் மனம் அடுத்த சொல்லை நோக்கிச் சாய்கிறது. எச்சம் என்பது பிழையான வாக்கியமன்று. முடியாமையையே தன் இலக்கணமாகக் கொண்ட வடிவம் அது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் இறுதி இயலுக்கு எச்சவியல் என்று பெயர். எஞ்சி நிற்பவற்றைப் பத்து வகையாகப் பகுத்துக் காணும் அளவிற்கு நம் இலக்கணிகள் அதைப் பொருட்படுத்தினார்கள். ஃபேட் அவுட் என்பது இசையின் எச்சம் என்றே நான் கொள்கிறேன். ‘ஹே ஜூட்’ பாடலின் இறுதிப் பகுதியில் வாத்தியக் குழுவில் வாசித்தவர்களையே கைதட்டவும் சேர்ந்து பாடவும் கேட்டுக்கொண்டார்கள். 1968 செப்டம்பரில் படம்பிடிக்கப்பட்ட நிகழ்ச்சியில் பார்வையாளர்கள் குழுவினரைச் சூழ்ந்து நின்று அப்பகுதியைப் பாடினார்கள். தனி ஒருவருக்குச் சொன்ன ஆறுதலாகத் தொடங்கும் பாட்டு, ஒரு கூட்டத்தின் பாட்டாக மாறுகிறது. கூட்டத்தின் பாட்டிற்கு முற்றுப்புள்ளி வைத்தால் கூட்டம் கலைந்துவிடும். ஒலியைக் குறைத்தால், அவர்கள் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறார்கள், நாம்தான் விலகிச் செல்கிறோம் என்னும் உணர்வு மட்டும் எஞ்சுகிறது. இதைக் கைவிடல் என்று எப்படிச் சொல்வது?

ஃபேட் அவுட் கேட்பவரிடம் வேறொன்றையும் செய்கிறது. ஒலி தெளிவாக இருக்கும்வரை நாம் செவியால் கேட்கிறோம். ஒலி மங்கும்போது எதிர்பார்ப்பால் கேட்கத் தொடங்குகிறோம். பேச்சொலியைப் பற்றிய ஆய்வுகள் இதை நன்கு அறியும்: சிதைந்த ஒலியைச் செவி விட்ட இடத்திலிருந்து மனம் நிரப்பிக்கொள்ளும். ‘ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ (1967) பாடல் மறைந்து, மீண்டும் எழுந்து, மறுபடி மறைகிறது. அந்த இரண்டாம் மறைவில் லெனன் ஏதோ முணுமுணுக்கிறார். ஓர் உணவுப் பொருளின் பெயரையே சொன்னதாக அவர் பின்னர் விளக்கினார். ஆனால் 1969 இல் மெக்கார்ட்னி இறந்துவிட்டார் என்னும் வதந்தி பரவியபோது, அவரைப் புதைத்துவிட்டதாக லெனன் ஒப்புக்கொள்வதை அங்கே பலர் கேட்டார்கள். கேட்டதாக எண்ணினார்கள் என்பதன்று, கேட்டார்கள் என்றே சொல்வேன். பாடலின் நடுவில் இந்த முணுமுணுப்பு வந்திருந்தால் எவரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். மங்கிய முடிவு கேட்பவரைப் பாடலின் உள்ளே இழுத்து, அவர் கொண்டுவந்த அச்சத்தையும் ஆசையையும் வைப்பதற்கு இடம் கொடுத்தது.

எல்லா முடிவுகளும் எச்சமாக இருப்பதில்லை. ‘ஷி லவ்ஸ் யூ’ (1963) முற்றாகவே முடிகிறது. ஆனால் அந்த முற்றிலும் ஒரு சிறு கோணல் உண்டு. குரல்கள் இணைந்து நிற்கும் இறுதிச் சுரக்கூட்டில், இயல்பான மூன்று சுரங்களோடு ஆறாம் சுரமும் சேர்ந்திருக்கிறது. மார்ட்டினுக்கு அது முந்திய தலைமுறை நடனக் குழுக்களின் பழைய உத்தியாகப் பட்டது, வேண்டாம் என்றார். புகழின் வாசலில் நின்றிருந்த அந்த இளைஞர்கள், தங்களைவிட வயதிலும் பயிற்சியிலும் மூத்த தயாரிப்பாளரிடம், அப்படித்தான் வேண்டும் என்று நின்றார்கள். பாடலின் வேறெந்தப் பகுதிக்காகவும் அன்றி, அதன் கடைசி ஒலிக்காக நிகழ்ந்த வாதம் இது.

‘ஐ வான்ட் யூ (ஷிஸ் ஸோ ஹெவி)’ இதற்கு நேர்மாறானது. ‘ஆபி ரோடு’ (1969) இசைத்தட்டின் முதற்பக்கம் இப்பாடலோடு நிறைவுறுகிறது. ஒரே இசைத்தொடர் நிமிடக்கணக்கில் திரும்பத் திரும்ப வருகிறது. மூக் சிந்தசைஸரிலிருந்து எழும் புயலிரைச்சல் மெல்ல மெல்ல அதை மூடுகிறது. இது மறையுமா, வெடிக்குமா என்று நாம் காத்திருக்கும்போது, தொடரின் நடுவிலேயே ஒலி அறுந்துவிடுகிறது. ஒலிநாடாவை அங்கே வெட்டுமாறு எமெரிக்கிடம் சொன்னவர் லெனன். முற்றுமன்று, எச்சமுமன்று, பேசிக்கொண்டிருப்பவரின் வாயைப் பொத்தியது போன்ற ஒன்று. அப்பாடலுக்கு இறுதி வடிவம் தரப்பட்ட 1969 ஆகஸ்ட் 20ஆம் நாளே, நால்வரும் அந்த ஒலிப்பதிவுக்கூடத்தில் ஒன்றாக இருந்த கடைசி நாள். இத்தற்செயலில் பொருள் தேட நான் முற்படமாட்டேன். ஆனால் ஒன்றைச் சொல்லலாம். இசைத்தட்டில் அந்த வெட்டுக்குப் பின் அமைதி இருந்தது. கேட்பவர் எழுந்து சென்று தட்டைத் திருப்பிப் போட்டால்தான் மறுபக்கத்தின் ‘ஹியர் கம்ஸ் த சன்’ ஒலிக்கும். இன்று செயலியில் ஒரு நொடிக்குள் வெயில் வந்துவிடுகிறது. இருட்டில் நிற்கவேண்டிய அந்த இடைவெளி நம்மிடமிருந்து சத்தமின்றி எடுக்கப்பட்டுவிட்டது.

“இவற்றுள் பல விபத்துகள், நீங்கள் நோக்கம் கற்பிக்கிறீர்கள்” என்று ஆய்வரங்கில் எவரேனும் எழுந்து கேட்பது உறுதி. நல்ல கேள்வி. ‘ஆபி ரோடு’ முடியும் விதத்தையே சான்றாக எடுத்துக்கொள்வோம். ‘தி எண்ட்’ என்று பெயர் சூட்டப்பட்ட பாடலோடு அந்த இசைத்தட்டு நிறைவுற்றிருக்கவேண்டும். அதன்பின் ஏறத்தாழ 14 நொடிகள் அமைதி; பிறகு 23 நொடிகளே ஓடும் ‘ஹெர் மெஜஸ்டி’. இச்சிறு பாட்டு முதலில் இரண்டாம் பக்கத் தொடர்ப்பாடல்களின் நடுவில் இருந்தது. மெக்கார்ட்னி அதை நீக்கச் சொன்னார். ஒலிநாடாப் பணியிலிருந்த ஜான் கர்லாண்டர் அதை எறியவில்லை. பீட்டில்ஸ் பதிவு செய்த எதையும் எறியக்கூடாது என்பது அவருக்கு இடப்பட்டிருந்த கட்டளை. ஆகவே நாடாவின் இறுதியில், வெற்று நாடாவுக்குப் பின், அதை ஒட்டிவைத்தார். கேட்டபோது அது மெக்கார்ட்னிக்குப் பிடித்துவிட்டது. அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். வெட்டியெடுத்த துண்டு என்பதால், முந்தைய பாடலின் கடைசிச் சுரக்கூட்டு அதன் தலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் சொந்தக் கடைசிச் சுரமோ அடுத்த பாடலின் தொடக்கத்தில் புதைந்து போயிற்று. ஆக, பீட்டில்ஸ் கடைசியாகச் சேர்ந்து பதிவு செய்த இசைத்தட்டு, கடைசிச் சுரம் இல்லாத ஒரு பாட்டோடு நிற்கிறது.

ஆம், இது விபத்து. ஆனால் விபத்தை நிகழவிடுவது வேறு, நிகழ்ந்ததை வைத்துக்கொள்வது வேறு. பிந்தியது முழுமையான முடிவு. ஹாரிசனின் ‘லாங், லாங், லாங்’ (1968) பாடலின் இறுதியில் கேட்கும் கடகடப்பும் இத்தகையதே. ஒலிபெருக்கியின்மேல் இருந்த ஒயின் புட்டி, ஆர்கனில் குறிப்பிட்ட ஒரு சுரம் ஒலித்தபோது நடுங்கியது. அதைத் துடைத்தெறிய வழியிருந்தும், விரும்பிப் பதிவு செய்தார்கள். நம் இலக்கணத்தில் முற்றெச்சம் என்று ஒன்று உண்டு: வடிவத்தால் முற்று, பொருளால் எச்சம். ‘தி எண்ட்’ என்று அறிவித்துவிட்டு, பின்னும் ஒரு பாட்டை நீட்டி, அதையும் முடிக்காமல் நிற்கும் அந்த இசைத்தட்டை வருணிக்க இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்தியக் கேட்பாளர்கள் அடிக்கடி முகம் சுளிக்கும் ஒரு முடிவும் உண்டு. ‘வித்தின் யூ வித்தவுட் யூ’ (1967) பாடலில் லண்டனில் வாழ்ந்த இந்தியக் கலைஞர்கள் தில்ருபாவும் தபலாவும் வாசித்தார்கள். ஐந்து நிமிடங்கள் ஆழ்ந்த தத்துவத் தொனியில் செல்லும் அப்பாடல், ஒரு கூட்டத்தின் சிரிப்பொலியோடு முடிகிறது. நம் இசையைக் கேலி செய்கிறார்கள் என்று கோபித்த தோழர்களை நான் அறிவேன். ஆனால் அச்சிரிப்பைச் சேர்க்க விரும்பியவர் ஹாரிசனே. தன் கனத்தைத் தானே உணர்ந்த ஒருவர், கேட்பவர் மூச்சுவிடட்டும் என்று திறந்துவைத்த சாளரமாகவே நான் அதைக் கேட்கிறேன். எனது வாசிப்பு தவறாக இருக்கலாம். ஆயினும் அச்சிரிப்பைக் கணக்கில் கொள்ளாத எந்த வாசிப்பும் அப்பாடலைப் பற்றியதாக இருக்க முடியாது.

இவை அனைத்தும் ரசனைக் குறிப்புகள்தாமே, ஆய்வாளர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பனுவலின் நேர்மை இருக்கிறது. ‘ஹெல்டர் ஸ்கெல்டர்’ (1968) பாடலின் ஸ்டீரியோ வடிவம் மறைந்து, திரும்பி வந்து, விரல்கள் கொப்பளித்துவிட்டதாக ரிங்கோ கத்துவதோடு முடிகிறது. மோனோ வடிவம் முதல் மறைவோடு நின்றுவிடுகிறது. அதில் கத்தலே இல்லை. ‘எ டே இன் த லைஃப்’ பாடலின் நீண்ட சுரக்கூட்டுக்குப் பின், பிரிட்டனில் வெளியான இசைத்தட்டின் உட்சுற்றில் பொருளற்ற பேச்சொலி ஒன்று முடிவின்றிச் சுழன்றது. அமெரிக்கத் தட்டில் அது இல்லை. ஓலைச்சுவடிகளில் ஓர் எழுத்து மாறியிருந்தால் பாடபேதம் என்று குறிக்கும் நாம், ஏறத்தாழ ஒரு நிமிட வேறுபாட்டைக் குறிக்காமல் ‘அந்தப் பாடல்’ என்று எழுதிச் செல்கிறோம். இவ்வேறுபாடுகள் பெரும்பாலும் தொடக்கத்தில் அன்று, முடிவுகளிலேயே குவிந்திருக்கின்றன என்பதும் கருதத்தக்கது.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். பாடலை வகுப்பில் ஒலிக்கவிடும் ஆசிரியர்கள், அது அமைதியைத் தொடும்வரை பேசாதிருங்கள். பாடலை மேற்கோள் காட்டும் மாணவர்கள், எந்தப் பதிப்பு என்பதைக் குறியுங்கள். செயலியில் கேட்போர், கிராஸ்ஃபேட் வசதியை அணைத்துவையுங்கள். அதற்கு ஒரு தட்டு போதும்.

எனக்கும் இதில் ஒரு சொந்தக் கணக்கு உண்டு. ஆய்வேட்டின் முடிவுரையை மூன்று மாதங்களாக எழுதிக்கொண்டிருக்கிறேன். சொல்லவேண்டியவை முந்தைய இயல்களில் தீர்ந்துவிட்டன, தொகுத்துச் சொன்னால் போதும் என்று நினைத்ததே தாமதத்திற்குக் காரணம் என்று இப்போது தோன்றுகிறது. தொகுப்பதற்குத் தீர்மானம் ஏதும் வேண்டியதில்லை. முடிப்பதற்கு வேண்டும்.

நேற்றிரவு அதே நண்பரை அழைத்து, கிராஸ்ஃபேட்டை அணைத்து, அதே பாடலை மீண்டும் ஒலிக்கவிட்டேன். பியானோக்கள் விழுந்தன. அவர் கைப்பேசியை எடுக்கப்போனார், பிறகு எடுக்கவில்லை. ஒலி மெலிந்து மெலிந்து, மின்விசிறியின் ஓசைக்குள் கரையப்போகும் தருணத்தில் அந்தக் கிறீச்சொலி வந்தது. அவர் தலையை நிமிர்த்தி என் நாற்காலியைப் பார்த்தார். நான் அசையவில்லை.

உங்களுக்குப் பிடித்த முடிவு எது? எந்தப் பதிப்பு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.